பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு? சிலாஜித்தின் 2000 வருடக் கதை

கொஞ்சம் நீளமான இழை இது. நடுவுல மனுசப் பிணத்தை மருந்தாத் தின்ன கதையெல்லாம் வரும். அதனால சாப்பாட்டை முடிச்சிட்டு வந்து படிங்க.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை. எங்க ஆஸ்பத்திரியில திங்கள்னா புறநோயாளிகள் கூட்டம் மதியம் வரைக்கும் குறையாது. எல்லாரும் போன பிறகு, கதவோரமா நின்னுக்கிட்டிருந்த ஒரு தம்பி உள்ளே வந்தார். வயசு முப்பத்தொன்னு. லோடு ஆட்டோ ஓட்டுறார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கையில ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு ஏதோ இருந்தது. கூடவே ஒரு குட்டி ஸ்பூன்.

"சார், இது இமயமலை சிலாஜித். ரீல்ஸ்ல பார்த்து வாங்குனேன். 1,499 ரூபா. சாப்பிடலாமா?"

எதுக்குன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பதில் வரலை. கல்யாணம் ஆகி நாலு வருசம், குழந்தை இல்லை. வீட்டில் மனைவிக்கு மட்டும் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. இவருக்கு ஒன்றும் எடுக்கவில்லை. ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது இந்த விளம்பரம் வந்திருக்கிறது.

அன்னைக்கு அவர்கிட்ட நான் பேசினது பத்து நிமிசம். அவர் போன பிறகு அந்தக் கறுப்புப் பிசின் எங்கிருந்து கிளம்பி இங்கே வந்ததுன்னு தேட ஆரம்பிச்சு, ஒரு மாசம் ஓடிப்போச்சு. அந்தத் தேடல்தான் இந்த இழை.

முதல்ல, இது என்ன?

இமயமலை, காரகோரம், பாமிர், தியான்ஷான், அல்தாய், காகசஸ். இந்த மலைத்தொடர்களில் சுமார் 1000 மீட்டரிலிருந்து 5000 மீட்டர் உயரம் வரை, கோடை வெயிலில் பாறை சூடாகும்போது, வெடிப்புகளிலிருந்து கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ ஒரு பிசின் கசியும். நாற்றம் சகிக்காது. பசுமாட்டு மூத்திர வாடை என்று பழைய நூல்களே சொல்கின்றன. சமஸ்கிருதத்தில் சிலாஜது. சிலா என்றால் பாறை, ஜது என்றால் அரக்கு. திபெத்தியர்கள் வைத்த பெயருக்கு 'பாறைச் சாறு' என்று பொருள்.

நம்ம தமிழ்ப் பெயர் இதையெல்லாம் விட அழகு. கன்மதம். யானைக்கு மதநீர் ஒழுகுவதைப் போல, கல்லுக்கு ஒழுகும் மதம். (மோகன்லால் நடிச்ச 'கன்மதம்' படம் பார்த்தவங்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். அதே சொல்தான்.)

கல்லிலிருந்து வருவதால் இது கல்லின் சாறு என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். காசி இந்து பல்கலைக்கழகத்தில் சிப்நாத் கோஷால் என்ற வேதியியலாளர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். அவர் காட்டியது வேறு கதை. கள்ளி இனத்துச் செடிகள், மணப்புல் வகைகள், பாசிகள் எல்லாம் பாறை இடுக்கில் சிக்கி, நசுங்கி, நுண்ணுயிர்கள் தின்று செரித்து, மிக நீண்ட காலத்தில் மக்கிய மிச்சம் இது. தோட்டத்து மக்கு உரத்தில் இருக்கிற ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்கள்தான் இதில் பெரும்பங்கு, 60 முதல் 80 சதவீதம். மீதியில்தான் இரும்பு, கால்சியம், பொட்டாசியம் முதலிய தாதுக்கள் வருகின்றன. விளம்பரத்தில் '85 கனிமங்கள்' என்று போடுகிறார்களே, அந்தக் கனிமங்கள் பாறையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. எந்தப் பாறையோ, அந்தப் பாறையில் என்ன இருக்கிறதோ அது. இதை மனசுல வெச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

இப்ப 2000 வருசம் பின்னாடி போவோம்.

சரக சம்ஹிதையில் ரசாயனப் பகுதியில் சிலாஜது வருகிறது. ரசாயனம் என்றால் கெமிக்கல் என்று நினைக்காதீங்க. உடம்பைப் புதுப்பிக்கிற மருந்துகளுக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு என்று நான்கு உலோகத் தன்மையுள்ள பாறைகளிலிருந்து நான்கு வகை வருகிறது, அதில் இரும்பு வகையே சிறந்தது என்கிறார் சரகர். இதனால் தீராத நோய் உலகில் இல்லை என்ற அர்த்தத்தில் ஒரு பெரிய வாக்கும் அதே இடத்தில் இருக்கிறது. இன்றைய விளம்பரங்களில் பாதி அந்த ஒற்றை வரியை வைத்துத்தான் பிழைக்கின்றன.

ஆனால் அந்த வரியை ஒரு வைத்தியனின் கண்ணோடு படிக்கணும். 'தீர்க்கக்கூடிய நோய்' என்று அவர் ஒரு வேலி போட்டிருக்கிறார். தீராத நோய் என்ற தனி வகையை அந்தக் காலத்து வைத்தியர்கள் ஒப்புக்கொண்டு, பெயரும் வைத்திருந்தார்கள். மேலும் தக்க காலத்தில், தக்க சேர்க்கையோடு, முறைப்படி கொடுத்தால் என்று இன்னும் மூன்று வேலி. ரீல்ஸ்ல வர்றவங்க நாலு வேலியையும் பிடுங்கிப் போட்டுட்டு வரியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

பத்தியமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, சிலாஜது சாப்பிடும்போது கொள்ளு சாப்பிடக் கூடாது என்பது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கொள்ளு கல்லுக்குப் பகை. நம்ம ஊர்ல கிட்னி கல்லுக்குக் கொள்ளு ரசம் வெச்சுக் குடிக்கிறோமே, அதே நம்பிக்கைதான். மருந்து கல்லிலிருந்து வந்தது, கல்லைக் கரைப்பதை அதோடு சேர்க்காதே. அறிவியலாகத் தேறுமா தேறாதா என்பது இருக்கட்டும், அவர்கள் யோசித்த விதத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது.

சுசுருத சம்ஹிதையில் இது சர்க்கரை நோய்க்கான அத்தியாயத்தில் வருகிறது. கோடையின் உச்ச மாதங்களில் வெயில் பட்டு மலை கசியும் என்ற வர்ணனை அங்கேதான் இருக்கிறது. வகைகள் நாலுக்குப் பதில் ஆறு. சரகரின் நாலோடு கூடுதலாகச் சேர்ந்த இரண்டு, தகரமும் ஈயமும்.

ஈயம். இதையும் மனசுல வெச்சுக்கோங்க.

பிறகு வந்த ரசசாஸ்திர நூல்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. இதைச் சாப்பிட்டால் என்ன பலன் என்பதோடு, இது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது என்ற கேள்வியும் வந்து சேர்கிறது. நெருப்பில் போட்டால் புகையாமல் லிங்கம் போல நிமிர்ந்து எழ வேண்டும். தண்ணீரில் இட்டால் நூல் நூலாகப் பிரிந்து அடிக்கு இறங்கிக் கரைய வேண்டும். இப்படிச் சோதனை எழுதி வைக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அன்றைக்கே சந்தையில் போலி வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மலை இருப்பது வடக்கே. வைத்தியன் இருப்பது சமவெளியில். நடுவில் எத்தனை கை மாறியதோ.

சுத்தி முறையும் விரிவாக இருக்கிறது. திரிபலைக் கஷாயத்திலோ வெந்நீரிலோ ஊறவைத்து, கரைத்து, வடிகட்டி, வெயிலில் வைத்து, மேலே ஆடை போலத் திரள்வதை மட்டும் எடுப்பார்கள். மறுபடி வெயில், மறுபடி ஆடை. மலையிலிருந்து பெயர்த்ததை அப்படியே வாயில் போடச் சொன்ன நூல் எதையும் நான் பார்க்கவில்லை. 'இயற்கையானது, எந்தப் பதப்படுத்தலும் இல்லாதது' என்று இன்றைக்குப் பெருமையாக லேபிளில் அச்சடிக்கிறார்களே, சரகர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

நம்ம சித்த மருத்துவத்திலும் பெயர்க் குழப்பம் உண்டு. கற்பூர சிலாசத்து என்று ஒன்று இருக்கிறது. பெயரில் சிலாசத்து இருந்தாலும் அது வெள்ளை வெளேரென்ற ஜிப்சம் வகைக் கல். கறுப்புப் பிசினுக்கும் அதுக்கும் பெயரைத் தவிர சம்பந்தம் கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் போய் வெறுமனே 'சிலாசத்து' என்று கேட்டால் என்ன கொடுப்பார்கள் என்பது கடைக்காரரைப் பொறுத்தது.

இந்தக் குழப்பம் சின்னது. இதே மாதிரி ஒரு பெயர்க் குழப்பம், இதைவிடப் பெருசா, மேற்கே நடந்தது. அதுக்குத்தான் சாப்பிட்டுட்டு வரச் சொன்னேன்.

பாரசீகம். இன்றைய ஈரானின் தெற்கே ஃபார்ஸ் பகுதியில் தாராப்கெர்த் என்ற ஊர். அங்கே ஒரு மலைக்குகையில் கறுப்பாக ஒரு பொருள் கசிந்தது. சிலாஜித் மக்கிய செடி. இது மண்ணெண்ணெய்க்கு உறவான நிலக்கீல். பொருள் வேறு என்றாலும் பார்வைக்கு ஒன்றுதான், கிடைக்கும் விதமும் ஒன்றுதான், மருந்தாகச் சொன்ன பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். பாரசீக மொழியில் மூம் என்றால் மெழுகு. அதனால் இதற்கு மூமியா என்று பெயர். மத்திய ஆசியாவில் மலைப்பிசினுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ரஷ்யர்கள் இன்றும் சிலாஜித்தை மூமியோ என்றுதான் சொல்கிறார்கள்.

தாராப்கெர்த் மூமியாவை 10ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். குகைக்குக் காவல். ஆண்டுக்கு ஒரு முறைதான் திறப்பு. கிடைப்பதோ கையளவு. அது அரசருக்குப் போகும். எலும்பு முறிவு, அடிபட்ட காயம் எல்லாவற்றுக்கும் இது மருந்து. இப்னு சினாவின் மருத்துவ நூலிலும் மூமியா இடம்பெற்றது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. எல்லா மருத்துவ நூலும் புகழும் ஒரு மருந்து. வருசத்துக்குக் கையளவு. அதுவும் ராஜாவுக்கு. மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

எகிப்தில் பழங்காலக் கல்லறைகள் நிறைய இருந்தன. உள்ளே, பதப்படுத்திய உடல்கள். அந்த உடல்களின் மேலும் மண்டை, வயிற்றுக் குழிகளிலும் கறுப்பாக உறைந்த ஒரு பொருள். பெரும்பாலும் மரப்பிசின்கள்தான், சிலவற்றில் நிலக்கீலும் உண்டு. பார்த்தால் மூமியா மாதிரியே இருக்கும். சுரண்டி விற்க ஆரம்பித்தார்கள்.

1200ஆம் ஆண்டையொட்டி பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப் எகிப்துக்குப் போனார். கிராமத்து ஆட்கள் இதை நகரத்துக்குக் கொண்டுவந்து சல்லிசாக விற்பதை எழுதியிருக்கிறார். அவரே வாங்கிப் பார்த்திருக்கிறார். இந்தப் பொருள் நிரம்பிய மூன்று மண்டையோடுகள், விலை அரை திர்ஹம். தார் போல் இருந்தது, மலை மூமியாவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அது கிடைக்காவிட்டால் இதைப் பயன்படுத்தலாம் என்கிற ரீதியில் குறிப்பு எழுதுகிறார். நேர்மையான மனுசன். இது அது இல்லை, அதுக்குப் பதில் இது என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னார்.

அந்தத் தெளிவு ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் காணாமல் போனது.

12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்து போன்றவர்கள் அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் பெயர்த்தார்கள். மூமியா என்ற சொல் வந்ததும், பாரசீக மலையை அவர்கள் பார்த்ததில்லை, எகிப்தைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். எனவே இறந்தவர்களை வாசனைப் பொருட்களோடு புதைக்கும் நாட்டில், பிணத்தின் நீரும் அந்தப் பொருட்களும் கலந்து உண்டாகும் வஸ்து இது என்று விளக்கம் எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான். மலையிலிருந்து வந்த மருந்து, பிணத்திலிருந்து வரும் மருந்தாக மாறிவிட்டது. பிறகு பிணத்தின் மேல் பூசியது மட்டும் இல்லை, பிணமே மருந்து என்றானது. கடைசியில் அந்த உடலுக்கே மம்மி என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆமா. நீங்க மியூசியத்தில் பார்க்கிற 'மம்மி' என்ற சொல்லின் பிறப்பே இந்தக் கறுப்புப் பிசின்தான்.

அப்புறம் சில நூறு ஆண்டுகள் ஐரோப்பா மம்மி சாப்பிட்டது. கதை கட்டவில்லை. பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா மம்மித் தூளை ருபார்ப் வேரோடு கலந்து எப்போதும் கூடவே வைத்திருந்தார். 1586இல் ஜான் சாண்டர்சன் என்ற ஆங்கிலேய வியாபாரி எகிப்திலிருந்து 600 பவுண்டு, அதாவது 270 கிலோவுக்கு மேல், மம்மியை லண்டன் மருந்து வியாபாரத்துக்காகக் கப்பலேற்றினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஜெர்மனியின் மெர்க் நிறுவன விலைப்பட்டியலில் அசல் எகிப்திய மம்மி இருந்தது.

தேவை இப்படி இருந்தால் சரக்கு எங்கிருந்து வரும்? கல்லறை எத்தனை நாளுக்குத் தாங்கும்?

1564இல் நவார் நாட்டு மன்னரின் மருத்துவர் கை தெ லா ஃபோந்தேன் அலெக்சாந்திரியாவில் ஒரு மம்மி வியாபாரியின் கிடங்குக்குப் போனார். உடல்கள் அடுக்கி வைத்திருந்தன. பழங்கால முறையைப் பற்றி விசாரித்தார். வியாபாரி சிரித்துவிட்டான். இதெல்லாம் நான் செய்தது ஐயா, நாலு வருசத்துச் சரக்குதான். செத்துப்போன அடிமைகள், யார் யாரோ. என்ன நோயில் செத்தார்கள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பதப்படுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கிறிஸ்தவர்கள் இதை விரும்பிச் சாப்பிடுகிறார்களே என்று அவனுக்கே ஆச்சரியம்.

இதைப் பதிவு செய்தவர் அம்புருவாஸ் பாரே. அறுவை சிகிச்சை வரலாறு படித்த எவருக்கும் தெரிந்த பெயர். காயங்களைக் கொதிக்கும் எண்ணெயால் சுடுவதை விட்டொழித்த மனிதர். 1582இல் மம்மி பற்றித் தனியாகவே எழுதினார். அவருடைய வாதத்தில் இரண்டு பகுதி. ஒன்று, மம்மியால் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை, வயிற்றுவலியும் வாந்தியும் வாய் நாற்றமும்தான் பார்த்தேன். இரண்டு, அசலோ போலியோ, நீங்கள் தருவது பழைய நூல்கள் சொன்ன பொருளே கிடையாது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டராக இருந்துகொண்டு அந்த இரண்டாவது பகுதியைப் படிச்சப்ப எனக்கு என்னவோ பண்ணுச்சு. நானூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அதே கேள்வியோடதான் அந்தத் தம்பி என் முன்னால நின்னார்.

கதை இத்தோட முடிஞ்சிருந்தா ஐரோப்பாக்காரனைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனால் அந்தச் சொல் திரும்பி நம்ம நாட்டுக்கே வந்தது.

வட இந்தியாவில் மூமியா 'மோமியாய்' ஆனது. எந்தக் காயத்தையும் ஆற்றும் அதிசய மருந்து. 19ஆம் நூற்றாண்டில் அதைச் சுற்றி ஒரு பயங்கரமான வதந்தி வளர்ந்தது. வெள்ளைக்காரர்கள் இந்தியர்களைப் பிடித்துப்போய், அதிலும் சிறுவர்களை, தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி, தலையிலிருந்து சொட்டும் நெய்யில் மோமியாய் எடுக்கிறார்கள் என்று. 1890களில் வில்லியம் குரூக் என்ற ஆங்கிலேய அதிகாரி வட இந்திய நாட்டார் நம்பிக்கைகளைத் தொகுத்தபோது இதையும் எழுதி வைத்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அரசாங்கம் வீடு புகுந்து, நோயாளிகளை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் அடைத்தது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. பிளேக்குக்கு அன்று மருந்தே கிடையாது. ஊரில் வதந்திகள் பறந்தன. அந்த வதந்திகளில் மோமியாயும் ஒன்று. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோவது உடலிலிருந்து எண்ணெய் எடுக்கத்தான் என்று சனங்கள் நம்பினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கியது.

படிக்காத சனங்களின் மூடநம்பிக்கை என்று அன்றைய அதிகாரிகள் முடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தள்ள மனசு வரலை. வெள்ளைக்காரன் மனுச உடம்பை மருந்தாக்கித் தின்கிறான் என்பதில், தின்கிறான் என்கிற பகுதி பொய் இல்லையே. சில நூறு ஆண்டுகள் தின்றான். எங்கோ துறைமுகங்களில், கப்பல்களில், மருந்துக் கடைகளில் அந்தச் செய்தி கசிந்திருக்கலாம். இது என் ஊகம்தான். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்லாதபோது, தெரிந்த பழைய பயத்தை வைத்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டார்கள். 'ஜீஹெச்சுக்குப் போனா பொணமாத்தான் வருவே' என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவங்ககிட்ட கோபப்பட்ட நாட்கள் எனக்கும் உண்டு. இதைப் படிச்ச பிறகு கொஞ்சம் நிதானமா பேசுறேன்.

20ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்.

சோவியத் நாட்டில் 1960களில் தாஷ்கண்டின் ஷாகிரோவ் எலும்பு முறிவில் மூமியோவைக் கொடுத்து ஆராய்ந்தார். பழைய பாரசீக மருத்துவர்கள் சொன்ன அதே எலும்பு முறிவு. இங்கே 1903இல் டேவிட் ஹூப்பர் வங்க ஆசியச் சங்கத்தின் இதழில் சிலாஜித் பற்றிக் கட்டுரை எழுதினார். இவர் அதற்கு முன் நம்ம ஊட்டியில் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைன் எடுக்கும் அரசுப் பணியில் வேதியியலாளராக இருந்தவர்.

இன்றைய ஆண்மை விளம்பரங்கள் காட்டும் ஆய்வுகள் முக்கியமாக இரண்டு. 2010இல் வந்தது விந்தணு குறைவான ஆண்களிடம் நடந்தது. எண்ணிக்கை கூடியது என்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை கொடுத்த குழுவே அதில் இல்லை. சிகிச்சையை முடித்தவர்கள் 28 பேர். 2016இல் வந்தது 45 முதல் 55 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்களிடம் நடந்தது. தினம் 500 மில்லிகிராம், 90 நாள். இதில் வெற்று மாத்திரைக் குழு உண்டு. டெஸ்டோஸ்டிரோன் சுமார் 20 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது. சின்ன ஆய்வுகள். குப்பை என்று ஒதுக்கவும் மாட்டேன், இதை நம்பி மருந்துச் சீட்டில் எழுதவும் மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்க. இரண்டிலும் கொடுத்தது சுத்திகரித்து, அளவிட்டு, என்ன இருக்கிறது என்று தெரிந்த சரக்கு. அந்த ஆய்வின் பலன் உங்க பாட்டிலுக்குத் தானாக வந்துவிடாது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது வார்டில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். விட்டு விட்டு வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை. எண்டோஸ்கோப்பி பார்த்தாச்சு, ஸ்கேன் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை. அல்சர் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் போய்க்கொண்டிருந்தது. அவருடைய கேஸ் ஷீட்டை எழுதியது நான். ஒரு நாள் ரத்த ஸ்மியரைப் பார்த்த மேடம் மேலே வந்து, சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரிகின்றன, இவர் வெளியே என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் விழித்தேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. 'வேறு மருந்துகள்: இல்லை' என்று கேட்காமலே எழுதியிருந்தேன்.

பெரியவரிடம் போய்க் கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். சர்க்கரைக்காக யாரோ கொடுத்த கறுப்பு உருண்டைகள். பல மாசமாகச் சாப்பிடுகிறார். அது ஈய நஞ்சு. உருண்டையை நிறுத்தி, உரிய சிகிச்சை கொடுத்து, மெதுவாகத் தேறினார். அந்த உருண்டையில் இருந்தது சிலாஜித்தா, வேறு பற்பமா, ரெண்டும் கலந்ததா என்று கொடுத்தவருக்காவது தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2008இல் இணையத்தில் விற்ற 193 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். மறுபடியும் ஐந்தில் ஒன்று. அதில் இந்தியாவில் தயாரித்ததற்கும் அமெரிக்காவிலேயே தயாரித்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இது நாட்டுப் பற்று பேசுகிற விஷயம் கிடையாது.

முன்னாடி மனசுல வெச்சுக்கச் சொன்ன ரெண்டும் இங்கதான். எந்தப் பாறையோ அதில் இருப்பது இதிலும் வரும். சுசுருதர் பட்டியலில் ஈயமும் இருந்தது. யூடியூபில் 'அசல் சிலாஜித் கண்டுபிடிப்பது எப்படி' என்று லைட்டரால் சுட்டுக் காட்டுகிறார்கள், தண்ணீரில் கரைத்துக் காட்டுகிறார்கள். பழைய ரசசாஸ்திரச் சோதனைகளின் பேரப்பிள்ளைகள்தான் இவை. இது தாரா, பிசினா என்று வேண்டுமானால் ஓரளவு தெரியும். அதில் ஈயம் இருக்கா என்பது நெருப்புக்கும் தெரியாது, தண்ணீருக்கும் தெரியாது. எனக்கும் பாட்டிலைப் பார்த்துத் தெரியாது.

இன்னொன்னு. இதில் இரும்பு உண்டு. தலசீமியா மாதிரி உடம்பில் இரும்பு சேரும் நோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகளுக்கும் வேண்டாம். சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு இதைச் சாப்பிடுறவங்க தயவுசெஞ்சு அடுத்த வேளையே மாத்திரையை ஆரம்பிங்க. ஏற்கனவே சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, உங்க டாக்டர் கேட்காட்டியும் நீங்களா சொல்லிடுங்க. நான் கேட்காம விட்டவன்தான்.

சரி, தம்பிக்கு வருவோம்.

இவ்வளவு வரலாறும் அன்னைக்கு எனக்குத் தெரியாது. முதல்ல விந்தணு பரிசோதனை ஒன்னு எடுத்துடுவோம் தம்பி, மருத்துவக் கல்லூரியில காசில்லாமப் பார்ப்பாங்க, நான் சீட்டு எழுதித் தர்றேன், மனைவியையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். பரிசோதனைன்னதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். குறை யார்கிட்ட இருந்தாலும் அது வெறும் உடம்புக் கோளாறுதான், பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கும்னு எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். பாட்டிலைப் பத்தி, உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நான் சாப்பிடச் சொல்ல மாட்டேன்னேன்.

அப்பத்தான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதுற மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் உங்களுக்குத் தெரியுமா?"

கோபம் வரலை. நல்ல கேள்வி. மேசையில கிடந்த ஒரு பாராசிட்டமால் அட்டையை எடுத்து அவர்கிட்ட காட்டினேன். இந்தா பாருங்க தம்பி, இது பேட்ச் நம்பர். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குற ஒவ்வொரு பேட்ச்சிலயும் மாதிரி எடுத்து லேப்புக்கு அனுப்பிப் பார்த்துட்டுத்தான் எங்களுக்கு அனுப்புவாங்க. எனக்கு நேரா தெரியாது. ஆனா ஏதாவது தப்பா இருந்தா, இந்த நம்பரைப் பிடிச்சுக்கிட்டே போய் யார் செஞ்சது, எங்கெல்லாம் போயிருக்குன்னு கண்டுபிடிச்சு நிறுத்த முடியும். உங்க பாட்டில்ல அந்த நம்பர் இருக்கா பாருங்க.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைப் பார்த்தார், அடியைப் பார்த்தார். லேபிளில் பனிமலை இருந்தது, '100% அசல்' இருந்தது. பேட்ச் நம்பர் என்று அச்சடித்திருந்த இடத்துக்கு மேலே சரியாக விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கிளம்பும்போதும் அங்கேயேதான் இருந்தார். பாட்டிலை மடியில் வைத்து, நகத்தால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.